பிரித்தானியத் துணைவர் விசா நிராகரிப்பு: எங்கள் மணவாழ்க்கை உண்மையானது என்பதை மேல்முறையீட்டில் நிறுவுவது எப்படி?

கோத்தகிரி செவிலி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியைச் சேர்ந்தவள். குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் கணவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற தமிழர். பெரியவர்கள் பேசி முடித்த திருமணம். சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கோயிலில் நடந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யப்பட்டது. அதன்பின் நான் விண்ணப்பித்த துணைவர் விசா நிராகரிக்கப்பட்டுக் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. வருமானம், ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை ஆகியவற்றில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. எங்கள் உறவு உண்மையானதாகவும் நடப்பில் உள்ளதாகவும் தோன்றவில்லை என்பதே ஒரே காரணம்.

அதற்கு விசா அதிகாரி நான்கு விளக்கங்கள் எழுதியிருக்கிறார். நீலகிரி மலையில் உள்ள ஒரு பெண்ணும் இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவரும் எப்படி அறிமுகமானார்கள் என்பது தெளிவாக இல்லை என்கிறார். திருமண அழைப்பிதழில் உள்ள மணமகனின் பெயர் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்கிறார். கணவர் எனக்குப் பணம் அனுப்பியதற்குச் சான்று இல்லை என்பது மூன்றாவது. நாங்கள் பேசிக்கொண்டதற்கு விண்ணப்பத்துக்கு முந்தைய சில வாரங்களின் வாட்ஸ்அப் பதிவு மட்டுமே இருக்கிறது என்பது நான்காவது.

இவை ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் உண்மையான விடை இருக்கிறது. என் தாத்தா 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர். மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன் இலங்கைத் தோட்டத்தில் அதே லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) அடுத்த வீட்டில் இருந்தவர்கள்தான் என் கணவரின் பாட்டி குடும்பத்தார். அவர்கள் இலங்கையிலேயே தங்கிவிட்டார்கள், பிள்ளைகள் பின்னாளில் பிரித்தானியா சென்றார்கள். ஆனால் இரு வீட்டாருக்கும் கடிதப் போக்குவரத்து அறுந்ததே இல்லை. சம்பந்தம் வந்தது அந்த வழியில்தான். அழைப்பிதழில் அச்சானது அவரை வீட்டில் அழைக்கும் பெயர். பணத்தைப் பொறுத்தவரை, எனக்குச் சம்பளம் வருவதால் நான் கேட்டதில்லை. மழையில் எங்கள் வீட்டுச் சுவர் சரிந்தபோது அவர் அனுப்பிய தொகை என் அப்பாவின் வங்கிக் கணக்குக்கு வந்தது.

இவற்றையெல்லாம் நீதிபதி ஏற்கும் வகையில் எப்படி முன்வைப்பது? மேல்முறையீடு செய்வதா, புதிதாக விண்ணப்பிப்பதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குன்னூரான், லெஸ்டர்

சகோதரிக்கு வணக்கம். நான் இங்கே இங்கிலாந்தில் குடிவரவு வழக்குகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் கோப்பைப் பார்க்காமல் முடிவு எப்படி வரும் என்று சொல்ல மாட்டேன். வழிமுறையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் காலக்கெடுவைக் கவனியுங்கள். நாட்டுக்கு வெளியே இருப்பவர் முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து 28 நாள்களுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் குடிவரவுப் பிரிவில் மேல்முறையீட்டைப் பதிவு செய்துவிட வேண்டும். ஆவணங்கள் எல்லாம் சேர்ந்தபின் பதிவு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். பதிவு செய்தபின் ஆவணங்களைச் சேர்ப்பதற்கு அவகாசம் உண்டு. காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு செய்வதற்குக் கட்டணம் 80 பவுண்டு, நேரடி விசாரணைக்கு 140 பவுண்டு. உறவின் உண்மைத்தன்மையே கேள்வியாக உள்ள வழக்கில் அந்த 60 பவுண்டை மிச்சப்படுத்த எண்ணுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கணவர் நீதிபதியின் முன் அமர்ந்து, எதிர்த்தரப்பு கேட்கும் கேள்விகளுக்குத் தன் வாயால் விடை சொல்வதற்கு ஈடான சான்று வேறு இல்லை.

நிறுவ வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஆனால் குற்ற வழக்குகளைப் போல ஐயத்துக்கே இடமில்லாமல் நிறுவத் தேவையில்லை; உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பே மிகுதி என்று நீதிபதி கருதினால் போதும். திருமணச் சான்றிதழ் மட்டும் போதாது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். சட்டப்படி திருமணம் செல்லும் என்பது ஒன்று, அந்த மணவாழ்க்கை இப்போது நடப்பில் இருக்கிறது என்பது வேறொன்று என்று 2006-ஆம் ஆண்டிலேயே கானா நாட்டைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில் தீர்ப்பாயம் தெளிவாக்கிவிட்டது. மற்றொரு பக்கம், 2012-ஆம் ஆண்டில் கௌடி என்ற சூடான் நாட்டு வழக்கில் மேல் தீர்ப்பாயம் சொன்னது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். தொலைபேசி அட்டைகள் எந்த எண்ணை அழைத்தன என்று காட்டாவிட்டாலும், தம்பதியர் பேசிக்கொண்டார்கள் என்ற கூற்றுக்கு அவை துணைச் சான்றாகலாம். பேசிக்கொள்பவர்கள் கூடவே கடிதமும் குறுஞ்செய்தியும் எழுதியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர்களின் நோக்கத்தில் ஐயம் எழுப்பும் வேறு செய்தி ஏதும் இல்லாதபோது அத்தகைய சான்றே போதுமானதாக இருக்கலாம். ஆகவே வாட்ஸ்அப் எழுத்துகள் குறைவாக இருப்பதே உங்கள் வழக்கை முடித்துவிடாது. நீங்கள் பெரும்பாலும் குரல் அழைப்பில்தான் பேசினீர்கள் என்றால், அழைப்பு நேரங்கள் தெரியும் பட்டியலை எடுத்து, உங்கள் பணிமுறைப் பட்டியலோடு பொருத்திக் காட்டுங்கள். இரவுப் பணி முடிந்து நீங்கள் வீடு திரும்பும் காலை நேரம் இங்கே விடியலுக்கு முந்தைய நேரம். அந்த நேரத்தில் ஒருவர் எழுந்து தன் மனைவியிடம் பேசியிருக்கிறார் என்று தேதிகள் காட்டுமானால், அதை எந்த நீதிபதியும் எளிதில் தள்ளிவிட மாட்டார்.

நிராகரிப்புக் கடிதத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பத்திக்கும் நேராக விடையையும் ஆவணத்தையும் வையுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. ஆயிரம் புகைப்படங்களையும் உரையாடல் பக்கங்களையும் கட்டாக அனுப்பிவிட்டு, அதிகாரி எழுப்பிய கேள்விக்கு மட்டும் விடை சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வழக்கின் உயிர் முதல் கேள்வியில் இருக்கிறது. இரு குடும்பத்துக்கும் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய தொடர்பு உண்டு என்பதை அதிகாரி அறிய வழியே இல்லை. ஆகவே அதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஒப்பந்தம் என்ன, எத்தனை இலட்சம் பேர் திரும்ப வேண்டும் என்று அதில் முடிவாயிற்று (முதலில் 5,25,000 பேர்), அவர்களுக்கு மறுவாழ்வு அளிப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது ஆகியவற்றை ஒரு பத்தியில் சொல்லி, தாத்தாவுக்கு மண்டபத்தில் வழங்கப்பட்ட குடும்ப அட்டையின் நகலை இணையுங்கள். பழைய கடிதங்களில் ஒன்றிரண்டாவது வீட்டில் கிடைத்தால், அஞ்சல் முத்திரை தெரியுமாறு உறையோடு சேர்த்து நகலெடுங்கள். வழக்குக்காகத் தயாரித்த எந்தப் பத்திரத்துக்கும் இல்லாத மதிப்பு அதற்கு உண்டு, ஏனென்றால் அது எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு வழக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.

முடிவுக்குப் பின் நடந்தவற்றையும் தீர்ப்பாயம் கருத்தில் கொள்ளலாம். கணவர் விடுப்பு எடுத்து மறுபடியும் வந்து உங்களோடு தங்க முடியுமானால் அதுவும் சான்றாகும். ஆவணத் தொகுப்பும் வாத உரையும் சேர்ந்தபின் உள்துறை தன் முடிவை மறுஆய்வு செய்ய வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. தெளிவான தொகுப்பைப் பார்த்து விசாரணைக்கு முன்பே முடிவைத் திரும்பப் பெற்ற வழக்குகளை நான் கண்டிருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. "கூட்டு வாடகை ஒப்பந்தம் ஒன்றைப் பழைய தேதியில் எழுதிக்கொள்ளலாம்" என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பொய் ஆவணம் என்று தெரியவந்தால் 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். உண்மையான உறவும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

பண்ணைக்காடு மருமகள்

அன்புள்ள சகோதரி, நான் பழனி மலையில் பண்ணைக்காட்டில் என் மாமியாரோடு வாழ்ந்துகொண்டு இதே வழக்கை நடத்தி, இப்போது கணவரோடு பர்மிங்காமில் இருக்கிறேன். எங்களுக்கும் உறவைப் பற்றிய ஐயமே காரணமாகச் சொல்லப்பட்டது. நாங்கள் சேர்ந்து வாழ்ந்த நாள்கள் குறைவு, சேர்ந்து வைத்திருந்த வங்கிக் கணக்கு இல்லை, என் பெயரில் எந்தக் கட்டண ரசீதும் இல்லை. நம் ஊரில் புதிதாக வந்த மருமகளின் பெயரில் மின் இணைப்பா இருக்கும்?

எங்கள் வழக்கறிஞர் கேட்ட கேள்வி ஒன்றுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. "அவர் இல்லாத நேரத்தில் அவருடைய மனைவியாக நீங்கள் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்து மருத்துவமனையில் சேர்த்தபோது ஒப்புதல் படிவத்தில் நான் கையொப்பமிட்டிருந்தேன்; உறவுமுறை என்ற இடத்தில் மருமகள் என்று எழுதியிருந்தது. மருந்துக்கான பணம் கணவர் கணக்கிலிருந்து வந்திருந்தது. குடும்ப அட்டையில் என் பெயர் பெற்றோர் வீட்டில் நீக்கப்பட்டு இங்கே சேர்க்கப்பட்டிருந்தது. கொழுந்தனாரின் பிள்ளைக்குக் காது குத்தியபோது அச்சிட்ட அழைப்பிதழில் எங்கள் இருவர் பெயரும் சேர்ந்து வந்திருந்தது. இவற்றில் ஒன்றையும் நான் விசாவுக்காகச் செய்யவில்லை. வழக்கறிஞர் இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி விளக்கம் எழுதி வைத்தார்.

நீங்கள் பெற்றோர் வீட்டில் இருப்பதால் இப்படிப்பட்ட ஆவணங்கள் குறைவாக இருக்கும். மாமனார் மாமியார் பிரித்தானியாவில் இருக்கும்போது நீங்கள் வேறு எங்கே இருக்க முடியும் என்பதை வாக்குமூலத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அதையே குறையாக எடுத்துக்கொள்வார்கள். மருத்துவமனையில் வேலை செய்கிறீர்கள் என்பதால் வருங்கால வைப்புநிதி இருக்கும். திருமணத்துக்கு முன் கொடுத்த வாரிசுதாரர் (நாமினி) நியமனம் திருமணத்தோடு செல்லாமல் போய்விடும் என்பதால், அதன்பின் கணவர் பெயரை நியமித்திருப்பீர்கள். அந்தப் பதிவைத் தேதியோடு எடுத்து வையுங்கள். ஆயுள் காப்பீடு இருந்தால் அதன் நியமனமும் அப்படியே.

அப்பா கணக்குக்கு வந்த பணத்தைப் பற்றி நீங்கள் வருந்தத் தேவையில்லை. அப்பாவின் கணக்கு விவரம், கணவரின் கணக்கில் அதே தொகை கழிந்த பக்கம், கொத்தனாருக்குக் கொடுத்த ரசீது, சரிந்த சுவரின் புகைப்படம், அப்பாவின் கையொப்பமிட்ட வாக்குமூலம் ஆகிய ஐந்தும் ஓரிடத்தில் இருந்தால், மாமனார் வீட்டுக்கு மருமகன் செய்த உதவி அது என்பது யாருக்கும் விளங்கும். மனைவிக்கு மாதந்தோறும் செலவுக்குப் பணம் அனுப்பியதைவிட இது ஆழமான உறவைக் காட்டுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

கணவருடைய சாட்சியைப் பற்றியும் ஒரு சொல். விசாரணையில் என் கணவரிடம் என் வேலை நாள், என் தம்பியின் படிப்பு, மாமியாரின் மருந்து என்று அன்றாட வாழ்க்கையைப் பற்றித்தான் கேட்டார்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் குரலிலேயே தெரிந்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லட்டும்.

உதகை வாசகர்

நான் பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். அம்மா, உங்கள் பெயர்ச் சிக்கலுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி திருமணம் நடந்து 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள்கள் உண்டு. பதிவின்போது மணமக்களின் அடையாள ஆவணங்களைப் பார்த்தே பெயரை எழுதுவார்கள். ஆகவே உங்கள் சான்றிதழில் கணவரின் கடவுச்சீட்டுப் பெயர்தான் இருக்கும். அழைப்பிதழ் உறவினர்களுக்காக அச்சடிப்பது. அதில் வீட்டுப் பெயர் வருவது நம் வழக்கம். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று கணவரும் அவருடைய பெற்றோரில் ஒருவரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கட்டும். அதோடு, அந்த வீட்டுப் பெயரைக் குறிப்பிட்டு வந்த பழைய வாழ்த்து அட்டையோ பள்ளிக்கால ஆவணமோ கிடைத்தால் சேருங்கள். உங்கள் பெயரின் முன்னெழுத்து சில ஆவணங்களில் அப்பா பெயரையும் சிலவற்றில் கணவர் பெயரையும் குறித்தால், அதையும் இப்போதே விளக்கிவிடுவது நல்லது. மறுபடி ஒரு கேள்வி எழ இடம் கொடுக்க வேண்டாம்.

கணவர் இங்கே வந்து தங்கியதை நிறுவ நம் மலைக்கே உரிய சில ஆவணங்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் வருவோர் இ-பாஸ் எடுக்கிறார்கள். அவர் வாடகை வண்டியில் வந்திருந்தால் அந்தப் பதிவு மின்னஞ்சலிலோ கைப்பேசியிலோ இருக்கும். விடுதியில் தங்கியிருந்தால், வெளிநாட்டவர் தங்கியதைப் பற்றிய அறிக்கையை (முன்பு படிவம் சி எனப்பட்டது) விடுதியார் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்பியிருப்பார்கள். அதன் நகலைக் கேட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் இணையவழி முன்பதிவு செய்து சேர்ந்து வந்திருந்தால் பயணச்சீட்டில் இருவர் பெயரும் இருக்கும். தனியாகப் பார்த்தால் இவை சிறிய காகிதங்கள். கடவுச்சீட்டின் குடிவரவு முத்திரையோடு தேதி பொருந்தி நிற்கும்போது வலுவாகின்றன.

கூடலூர் வாசி

மேல்முறையீடு விசாரணைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். இவ்வளவு ஆவணங்கள் கைவசம் இருக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக விண்ணப்பித்துவிட்டால் விரைவில் முடியாதா? என் உறவினர் ஒருவர் அப்படித்தான் சென்றார்.

குன்னூரான், லெஸ்டர்

அந்த வழி சிலருக்குப் பொருந்தும். சம்பளச் சீட்டு ஒன்று விடுபட்டது, தேர்வுச் சான்றிதழ் காலாவதியானது என்பது போன்ற குறைகளுக்குப் புதிய விண்ணப்பமே விரைவானது. உங்கள் உறவினருக்கு அப்படிப்பட்ட காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் சகோதரியின் நேர்மையையே ஐயுறும் முடிவு ஒன்று கோப்பில் இருக்கிறது. அதை எதிர்க்காமல் விட்டுவிட்டுப் புதிதாக விண்ணப்பித்தால், அடுத்த அதிகாரி அந்தப் பழைய முடிவைப் படித்துவிட்டுத்தான் புதிய தாள்களைத் திருப்புவார். மேல்முறையீட்டில் நீதிபதி எல்லாச் சான்றுகளையும் தாமே புதிதாக எடைபோடுகிறார். உறவு உண்மையானது என்று அவர் எழுதிவிட்டால் அந்தக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். புதிய விண்ணப்பத்துக்கு மறுபடியும் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும், கணவரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு என்ற வரம்பையும் அப்போதைய நிலையில் மறுபடி காட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இந்த வழக்கில் நான் மேல்முறையீட்டையே சொல்வேன்.

வழக்கறிஞரையோ ஆலோசகரையோ அமர்த்தும்போது, அவர் பிரித்தானியாவில் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். வழக்கறிஞர் அல்லாத ஆலோசகர்களைக் குடிவரவு ஆலோசனை ஆணையம் பதிவு செய்கிறது; 2025 ஜனவரி முதல் அதற்கு அந்தப் பெயர். ஊரில் விமானச் சீட்டு விற்பவர் எழுதிக் கொடுக்கும் வாத உரையை நம்ப வேண்டாம்.

கோத்தகிரி செவிலி

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தாத்தாவின் குடும்ப அட்டை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த கடித உறைகளை அப்பா தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார். மேல்முறையீட்டை இந்த வாரமே பதிவு செய்யச் சொல்லிக் கணவரிடம் கூறிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. விசாரணை நாளில் நான் இங்கிருந்தே காணொளி வழியாகச் சாட்சி சொல்லலாமா? எங்கள் செய்திகள் தமிழில் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்த தமிழ். அவற்றை என்ன செய்வது?

குன்னூரான், லெஸ்டர்

முதல் கேள்விக்கு: நீங்களாகவே காணொளியில் இணைந்து சாட்சி சொல்லிவிட முடியாது. வேறொரு நாட்டில் இருந்துகொண்டு வாய்மொழிச் சாட்சியம் அளிப்பதற்கு அந்த நாட்டின் மறுப்பு இல்லை என்பதைப் பிரித்தானிய வெளியுறவுத் துறை வழியாக முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று 2021-இல் அக்பாபியாகா வழக்கில் மேல் தீர்ப்பாயம் வழிகாட்டியது. அதற்குக் காலமும் கட்டணமும் ஆகும். ஆனால் எழுத்து வாக்குமூலத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே உங்கள் வாக்குமூலத்தை விரிவாகவும் உங்கள் சொந்த நடையிலும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமிருந்தால் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டு மொழிபெயர்ப்பை இணையுங்கள். அப்பாவும் தமிழிலேயே எழுதட்டும். வாய்மொழிச் சாட்சியத்தைக் கணவரும், திருமணத்துக்கு நேரில் வந்திருந்த அவருடைய உறவினர் ஒருவரும் இங்கே அளித்தால் போதுமானது.

இரண்டாவது கேள்விக்கு: எல்லாச் செய்திகளையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. பெண் பார்த்த காலம், நிச்சயம், திருமணத்துக்குப் பின், சுவர் சரிந்த நாள்கள், நிராகரிப்புக்குப் பின் என்று ஒவ்வொரு காலத்திலிருந்தும் சில பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்தில் உள்ள தமிழும் தமிழ்தான். மொழிபெயர்ப்பு இல்லாமல் அதை நீதிபதியால் படிக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் தம் முழுப்பெயர், தொடர்பு விவரம், தேதி, கையொப்பம் ஆகியவற்றோடு, மூலத்துக்குப் பிழையின்றி மொழிபெயர்த்திருக்கிறேன் என்றும் எழுதித் தர வேண்டும். உங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர் மொழிபெயர்க்க வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் எண்ணும் தெரியுமாறு எடுத்து, மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் வருமாறு அடுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மலையில் கைப்பேசித் தொடர்பு அறுந்து சில நாள்கள் செய்தி இல்லாமல் போயிருந்தால், அந்த இடைவெளிக்கும் வாக்குமூலத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.